சி.இசட். மோட்டோகிராஸ்: சூடானதும் நின்றுவிடுகிறது, உதவி தேவை

மண்தடம்: வணக்கம். பவேரியாவில் வசிக்கிறேன். எல்லைக்கு அப்பால் பொஹீமியாவில், கோழிக் கொட்டகையில் கிடந்த செக் தயாரிப்பான சி.இசட். மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) வண்டியை மீட்டு வந்தேன். காற்று வடிகட்டிக்குள் எலிக்கூடு, வைக்கோலும் இறகுமாக. சுத்தம் செய்து உதைத்தால் கிளம்புகிறது, பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. ஞாயிறன்று ஓட்ட வேண்டும். அவசரம்.

இருவீச்சு: எஞ்சின் 250 சிசியா, 360 சிசியா? புகைக்குழாய் ஒன்றா, இரண்டா? ஆறிய பிறகு கிளம்புகிறதா?

சேற்றுக்காடு: டாங்க் மூடியைப் பாருங்கள். காற்றுத்துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. நிற்கும் நேரத்தில் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும்.

பழைய இரும்பு: இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. கொட்டகையில் கிடந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை, கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல் மாற்றாமல் உதைப்பதே தவறு. ரப்பர் இறுகியிருக்கும். மின்சாரம் தரும் மேக்னெட்டோ பக்கம் காற்றை இழுத்தால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் எண்ணெய் குறையும், வெண்புகை வரும். முதலில் சீல், பிறகு பேச்சு.

மண்தடம்: 250, இரட்டைக் குழாய். மூடியைத் திறந்தும் பயனில்லை. புகை அதிகமில்லை. அரைமணி ஆறினால் ஒரே உதையில் கிளம்புகிறது.

சேற்றுக்காடு: இரட்டைக் குழாயா! சி.இசட். ஆலை இருந்த ஸ்ட்ரகோனிட்ஸேயின் பொற்காலம் அது. 1964இல் பெல்ஜிய வீரர் ஜோயல் ரோபேர் இருபது வயதில் 250 உலகப் பட்டம் வென்றது சி.இசட்.டில்தான். தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீர்கள்.

பழைய இரும்பு: 1970, 71, 72இல் அவரே சுஸுகியில் வென்றார். வண்டியைவிட ஓட்டுநர்தான் பெரிது.

சேற்றுக்காடு: அப்படியானால் 1966 முதல் 68 வரை 500 பிரிவில் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ் வென்ற மூன்று பட்டங்கள்? அவையும் சி.இசட்.தான். துரு பிடித்தாலும் அந்த டாங்க் அப்படியே இருக்கட்டும்.

பழைய இரும்பு: துரு தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். அதை அழகென்று விட்டுவைத்தால் வண்டி மிஞ்சாது.

இருவீச்சு: அந்தச் சண்டை பிறகு. ஆறினால் கிளம்புகிறது என்றால் எனக்குப் பொறி மின்சுற்றில் உள்ள கண்டன்சர் மீதுதான் சந்தேகம். நின்றவுடன் பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, பிளக்கின் உலோக உடலை எஞ்சினில் அழுத்தி உதையுங்கள். பிளக் துளையிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடியுங்கள், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி மஞ்சளாக மெலிந்தால் கண்டன்சர் அல்லது காயில் (மின்னழுத்தம் கூட்டும் சுருள்) பழுது.

மண்தடம்: பொறி மஞ்சள். கண்டன்சர் மாற்றினேன், நாற்பது நிமிடம் ஓடியது. சீலும் வாங்கிவிட்டேன். நன்றி.