ஸ்ட்ரீக்: கீற்றா, உரைநிறமா, பொடிநிறமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கனிம அடையாளக் கையேட்டின் சொற்பட்டியலில் 'ஸ்ட்ரீக்' (கனிமத்தைப் பீங்கானில் இழுத்தால் விழும் கோடும் அதன் நிறமும்) மட்டும் இழுபறியில் நிற்கிறது. 'கீற்று' வேண்டாம் என்பது என் கருத்து. கல்லின் மேல் இயல்பாக ஓடும் வரி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பொன்போல் மினுங்கும் இரும்புச் சல்பைடான பைரைட்டின் கனசதுர முகங்களில் அப்படிப்பட்ட நுண்வரிகள் உண்மையாகவே இருப்பதால் குழப்பம் உறுதி.

'உரைநிறம்' என்று முன்மொழிகிறேன். பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல் எல்லோருக்கும் தெரிந்த சொல். மெருகிடாத பீங்கான் துண்டை 'உரைவில்லை' என்றால் சோதனை முழுவதும் ஒரே வேரில் அமைந்துவிடும்.

*

ஐயா, 'உரைவில்லை' அருமை, அப்படியே ஏற்கலாம். 'உரைநிறம்' தான் இடிக்கிறது.

ஆற்றுச் சேற்றில் மினுங்கும் துணுக்கு பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் சிறியது. அதை விரலில் பிடித்து உரைக்க முடியாது. கழுவி, வில்லையின் மேல் வைத்து, எஃகு ஊசியின் முனையால் அழுத்தி உருப்பெருக்கியில் பார்ப்பதே வழி. அப்பிரகம் (மைக்கா) இதழ் இதழாகப் பிரியும். இதழை வளைத்து விட்டால் மீண்டும் நிமிரும். பைரைட் சட்டென்று நொறுங்கிப் பச்சை கலந்த கருப்புப் பொடியாகும். தங்கம் பொடியே ஆகாது, நசுங்கித் தகடாகும். மூன்றையும் பிரித்துக் காட்டிய இந்தச் சோதனையில் உரைத்தல் எங்கே இருக்கிறது?

பாறை இடுக்கில் கிடைப்பவற்றிலும் சிக்கல் உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் பீங்கான் வில்லையின் கடினம் ஏறத்தாழ 6.5 முதல் 7. குவார்ட்ஸின் கடினம் 7. அதை இழுத்தால் வில்லைதான் கீறும். விழும் வெள்ளைத் தூள் பீங்கானுடையது. 'உரைநிறம் வெள்ளை' என்று எழுதிவிட்டால், வில்லையின் நிறத்தைக் கல்லின் பண்பாகப் பதிவுசெய்தவர்களாவோம். இத்தகைய கல்லின் சிறு சில்லைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் இடித்து, பொடியை வெள்ளைத்தாளிலும் கருப்புத்தாளிலும் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். எப்படிச் செய்தாலும் நாம் பார்ப்பது பொடியின் நிறத்தைத்தான். ஆகவே 'பொடிநிறம்'.

கல்லின் தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஹேமடைட் என்ற இரும்புத் தாது போதும். இடுக்குகளில் எஃகுச் சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் அதன் தகடுகளும் பொடித்தால் செம்பழுப்பாகும். இன்னோர் இரும்புத் தாதான மேக்னடைட்டின் பொடி கருப்பு. காந்தமும் அதை வலுவாக இழுக்கும். இந்த வேறுபாட்டை 'பொடிநிறம்' என்ற சொல்லே படிப்பவருக்குச் சொல்லிவிடுகிறது.

*

அம்மா சொல்வது சரி. ஆனால் ஆங்கிலச் சொல் வில்லையில் விழும் கோட்டையும் அதன் நிறத்தையும் சேர்த்தே குறிக்கிறது. நாம் பிரித்துக்கொள்வோம்: கோடு 'உரைகோடு', பண்பு 'பொடிநிறம்', கருவி 'உரைவில்லை'. தங்கத்துக்கும் இது பொருந்தும். அது பொடியாகாவிட்டாலும் பொன்மஞ்சள் உரைகோடு விடும்.

விளக்கக் குறிப்பில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். சேற்றில் வெகுகாலம் கிடந்த பைரைட்டின் மேல் துருத்தோல் படிந்திருக்கும். அதை அப்படியே இழுத்தால் மஞ்சள்பழுப்புக் கோடு விழும்; தங்கம் என்று துள்ளுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உடைத்துப் புதுமுகத்தை உரைத்தால் கருமை தெரிந்துவிடும். செம்பும் இரும்பும் கலந்த சல்பைடான சால்கோபைரைட்டின் பொடியும் பச்சைக்கருப்பே என்பதால் அங்கே பொடிநிறம் மட்டும் போதாது. அதன் கடினம் 3.5 முதல் 4, எஃகுக் கத்தி கீறும். பைரைட்டின் கடினம் 6 முதல் 6.5, கத்தி வழுக்கும்.

இன்னொன்று: அப்பிரகத்தின் பதிவில் 'காக்காப்பொன்' என்பதையும் மாற்றுப்பெயராகச் சேருங்கள். சிதைந்த பயோடைட் (கருநிற அப்பிரகம்) இதழ்கள் பொன்னிறமாகி மினுங்குவதை அந்தப் பெயர் சரியாகவே பிடித்திருக்கிறது. ஒப்படர்த்தியையும் (நீரைப் போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) பக்கத்திலேயே போடலாம்: அப்பிரகம் ஏறத்தாழ 3, பைரைட் 5, தூய தங்கம் 19.3. தட்டில் நீரோடு சுழற்றினால் அப்பிரகம் முதலில் அலைந்து வெளியேறும், தங்கம் கருமணலுக்கும் அடியில் தங்கும்.

'லஸ்டர்' (கனிமத்தின் மேற்பரப்பு ஒளியில் மினுங்கும் விதம்) என்பதற்கு 'மிளிர்வு' யாருக்கும் மறுப்பில்லாததால் முடிந்ததாகக் கொள்கிறேன். அடுத்து 'கிளீவேஜ்' (கனிமம் குறிப்பிட்ட தளங்களில் சீராகப் பிரியும் பண்பு): 'பிளவு' என்றால் பாறை இடுக்கோடு மோதுகிறது. 'பிளவுத்தளம்' பொருந்துமா?