ரீலில் வினிகர் நெடி, யாரிடம் காட்டலாம்?

தொண்டி பக்கம் மூடிக்கிடக்கிற பழைய தியேட்டர் ஒன்றில் நானும் என் கூட்டாளியும் ஞாயிறு ராத்திரிகளில் பழைய படம் ஓட்டிப் பார்ப்போம், ஓனர் அவனுக்கு மாமா முறை என்பதால் சாவி கிடைக்கிறது. இப்போது ஒரு படம் பாதியிலேயே நிற்கிறது.

படம் ஓட்டுகிற மெஷின் போட்டோபோன் கம்பெனியின் 35 எம்எம், அதில் குறை இல்லை, மற்ற படங்கள் ஒழுங்காக ஓடுகின்றன. இந்தப் பிரிண்ட் 60களின் கறுப்பு வெள்ளை, அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் ஆன ஃபிலிம். போன ஐப்பசி மழைக்கு அப்புறம் டப்பாவைத் திறந்தாலே வினிகர் நெடி மூக்கில் ஏறுகிறது, ஓரமெல்லாம் நெளிந்து, மெஷினில் ஃபிலிம் விளக்குக்கு முன்னால் கடந்து போகிற கேட்டில் படம் குதிக்கிறது, மூன்றாவது ரீல் பழைய ஒட்டு இருந்த இடத்தில் அறுந்தும் போனது. ஊரில் உப்புக்காற்று என்கிறார்கள், எனக்கு ஈரமும் சூடும்தான் காரணம் என்று படுகிறது (அசிட்டேட் அப்படித்தான் கெடும், பக்கத்து ரீலையும் கெடுக்கும்).

மெல்லிய துணியால் துடைத்தோம், டேப் போட்டு ஒட்டினோம், கேட் அழுத்தத்தைத் தளர்த்தினோம், ஃபேனுக்கு அடியில் காற்றாட விட்டோம். நெடி கொஞ்சம் குறைந்தது, குதிப்பு குறையவில்லை. கெட்ட ரீல்களைத் தனியே வைத்துவிட்டோம். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது, சரி, ஆனால் இந்த நிலையில் பார்சல் போடப் பயம்.

மதுரையிலோ சென்னையிலோ, ஃபிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளந்து, இனி மெஷினில் ஏற்றலாமா இல்லை ஸ்கேன் மட்டும்தானா என்று சொல்லக்கூடிய ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?