இறந்தவரின் வங்கிக் கணக்கு: நாமினி இருந்தும் அலைய நேர்ந்தவர்கள் பகிருங்கள்

இழையைத் தொடங்கியவர்

அப்பாவின் சேமிப்புக் கணக்கு, எஃப்.டி. இரண்டுக்கும் அம்மாதான் நாமினி. பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே நியமனம் பதிவு செய்யப்பட்டிருப்பதாக அச்சாகியிருந்தது. இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், நிரப்பிய கோரிக்கைப் படிவம் ஆகியவற்றுடன் கிளைக்குச் சென்றோம். அங்கிருந்த அலுவலர் படிவத்தைப் பார்க்கவே இல்லை. கணினியில் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கி வருமாறும், பிள்ளைகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார். அம்மா பாஸ்புக்கை விரித்து, அச்சாகியிருந்த அந்த வரியின் மேல் விரலை வைத்து, "இது அவர் எழுதி வைத்ததுதானே, சார்?" என்று கேட்டார். "அதெல்லாம் சின்னத் தொகைக்குத்தான் அம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்தவரை அழைத்தார்.

அந்தப் பதில்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. நாமினிக்குப் பணம் தருவதற்குத் தொகை வரம்பு எதுவும் கிடையாது. நாமினி பதிவாகியிருக்கும் கணக்கில் வாரிசுரிமைச் சான்றிதழையோ ஈட்டுறுதிப் பத்திரத்தையோ (பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் வங்கியின் இழப்பை ஈடுகட்டுவதாக எழுதித் தருவது) கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எந்த விதியின்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் தருமாறு கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்த பிறகு, வேறு எந்தத் தாளும் கேட்கப்படாமலேயே பணம் அம்மாவின் கணக்கில் வரவானது. முதிர்வுக்கு முன்பே எஃப்.டி.யை முடித்ததற்கு அபராதமும் பிடிக்கவில்லை; வைப்புதாரர் இறந்துவிட்டால் பிடிக்கக் கூடாது என்பதும் விதிதான். கடிதம் எழுதத் தெரியாத ஒரு தாய் அந்த மேசைக்கு முன்னால் தனியாக நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதே என் கேள்வி.

கணவரை இழந்தவர்

உங்கள் அம்மாவிடம் நீதிமன்றச் சான்றிதழ் கேட்டது தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் உங்கள் பதிவைப் படிப்பவர்கள், நாமினி என்றால் பணத்துக்கு உரிமையாளர் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறேன். என் வீட்டில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

என் கணவரின் கணக்குகளுக்கு நான்தான் நாமினி. பணம் தாமதமில்லாமல் என் கணக்குக்கு வந்துவிட்டது. வேறொரு தேவைக்காகத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் என் பெயர், மகளின் பெயர், அவற்றுக்குக் கீழே என் மாமியாரின் பெயர் என்று மூன்று பெயர்கள் இருந்தன. என் அண்ணன் அந்தத் தாளை மேசையில் வைத்து, "அவர்களுடைய பெயர் இதில் எப்படி வந்தது?" என்று சத்தமாகக் கேட்டார். மாமியார் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் பேத்தியின் தலையை வாரிக்கொண்டிருந்தார்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் அனைவரும் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்களுக்குச் சம பங்கு உண்டு. தந்தை அந்த வகுப்பில் வருவதில்லை, தாய் வருகிறார். வங்கி வைப்புத்தொகையைப் பெறும் நாமினி அதை வாரிசுகளுக்காகப் பெறுகிறாரே தவிர, நாமினி என்பதாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாமியாரின் பங்கை அவர் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டேன். அண்ணனுக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. மகனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணை அவருக்கு எதிரிலேயே கணக்கிலிருந்து கழித்துப் பேசியதில் எனக்கு இருக்கும் வருத்தம் அதைவிடப் பெரியது.

இழையைத் தொடங்கியவர்

சகோதரி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வாரிசுகளுக்குள் பங்கு பிரிப்பது குடும்பத்தின் வேலை, தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் வேலை. நாமினியிடம் கொடுத்தவுடன் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகளின் உரிமையைக் காரணம் காட்டி நாமினியின் கையில் சேர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க அந்த அலுவலருக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் என் வாதம்.

மூன்று தங்கைகளுக்கு அண்ணன்

எங்கள் குடும்பத்தில் சண்டை வந்தது நாமினியால் அன்று, ஏ.டி.எம். அட்டையால். அம்மா இறந்த இரவிலேயே சித்தப்பா அவருடைய அட்டையைக் கொண்டுபோய்ப் பணம் எடுத்து வந்தார். அந்தப் பணம் முழுவதும் இறுதிச் சடங்குக்குத்தான் செலவானது. கணக்கை முடிக்கும்போது வங்கி கொடுத்த அறிக்கையில், இறப்புச் சான்றிதழில் உள்ள தேதிக்கு மறுநாள் அதிகாலையில் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. கடைசித் தங்கை அந்த இரண்டு வரிகளுக்கும் பேனாவால் கோடிட்டு என்னிடம் நீட்டினாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. செலவுக் கணக்கு எங்களிடம் தெளிவாக இருந்தும் அவளுடைய சந்தேகம் முழுமையாகத் தீரவில்லை. ஒருவர் இறந்த பிறகு அவருடைய ரகசிய எண்ணைப் பயன்படுத்திப் பணம் எடுக்க நாமினிக்கும் உரிமை இல்லை, மகனுக்கும் இல்லை. கையிலிருக்கும் பணத்திலோ கடன் வாங்கியோ செலவு செய்துவிட்டுப் பிறகு பங்கில் கழித்துக்கொள்வதே நல்லது.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

இந்த இழையில் வங்கி ஊழியர்களின் மேல் குற்றம் சுமத்துவது எளிதாக இருக்கிறது. நாமினி இல்லாத ஒரு கணக்குக்கு ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள், இருவருமே தாங்கள்தான் மனைவி என்று, ஆளுக்கொரு திருமணப் புகைப்படத்துடன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வந்தவருடன் ஒரு சிறுவன் இருந்தான். படத்தில் இருப்பவர் தன் அப்பாதான் என்று அவன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். நீதிமன்ற உத்தரவு கொண்டு வாருங்கள் என்று சொல்வதைத் தவிர அன்று எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அப்படிப்பட்ட தகராறுகளுக்குச் சொல்ல வேண்டியதை, நாமினி இருக்கும் கணக்குக்கும் சொல்லிப் பழகிவிட்டதுதான் எங்கள் துறையின் தவறு என்பதை ஏற்கிறேன்.

இனிமேல் வங்கிக்குச் செல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் இதற்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2026 மார்ச் 31க்குள் நடைமுறைப்படுத்துமாறு வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நாமினியும் இல்லை, கூட்டுக் கணக்கில் எஞ்சியவருக்குப் பணம் என்ற விதியும் இல்லை, உயிலோ தகராறோ இல்லை என்றால், வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரையிலும், நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் எளிய முறையில் தீர்த்துவைக்க வேண்டும். அதற்குக் கோருபவர்களின் ஈட்டுறுதிப் பத்திரமும், பணம் கோராத மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் தேவைப்படும். ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த 15 நாட்களுக்குள் வைப்புத்தொகையைக் கொடுத்தாக வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் "வங்கி விகிதம்" என்ற வட்டி விகிதத்துடன் 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். லாக்கர் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய். ஆகவே ஆவணங்களைக் கொடுக்கும்போதே, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லையென்றால் 15 நாட்கள் எப்போது தொடங்கின என்று உங்களால் நிறுவ முடியாது. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

கூட்டுக் கணக்கைப் பற்றியும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்" என்று தொடங்கிய கணக்கில் ஒருவர் இறந்தால் பணம் எஞ்சியவருக்குத்தான் போகும். இருவரும் இறந்த பிறகே நாமினிக்கு வேலை. ஓய்வூதியம் வரும் கணக்காக இருந்தால் வங்கிக்கு உடனே தெரிவித்துவிடுங்கள். இறப்புக்குப் பிந்தைய காலத்துக்காக வரவான ஓய்வூதியம் அரசுக்குத் திரும்பப் போக வேண்டிய பணம், குடும்ப ஓய்வூதியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உயிருடன் இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். வைப்புத்தொகை என்றால் யாருக்கு எத்தனை சதவீதம் என்றே எழுதிக் கொடுக்கலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையில் மட்டுமே நியமிக்க முடியும்.

ஒரு தம்பியின் அக்கா

தம்பியின் கணக்கில் மிகச் சிறிய தொகைதான் மிச்சம் இருந்தது. அதற்காக அலைய வேண்டாம், விட்டுவிடலாம் என்று அவன் மனைவி சொன்னாள். பாஸ்புக்கைக் கடைசி வரை பதிவு செய்து வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தபோது, மே மாத இறுதியில் 436 ரூபாய் பற்று ஆகியிருந்ததைக் கண்டேன். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆண்டுச் சந்தா அது. காரணம் எதுவாயினும், காப்பீட்டுக் காலத்துக்குள் இறந்தவரின் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்திருப்பதாக அவன் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் கேட்கும் வரை வங்கியும் சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் பிள்ளையின் படிப்பு நிற்காமல் போகிறது. 20 ரூபாய் பற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்; அது விபத்துக் காப்பீடு.

தாத்தாவின் பாஸ்புக்கை வைத்திருப்பவர்

கணக்கு இருப்பதே தெரியாமல் ஆண்டுகள் கடந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாத்தாவின் பழைய பாஸ்புக்கில் கிளையின் முத்திரை மை பரவி, வங்கியின் பெயர் மட்டுமே படிக்கும்படி இருந்தது. பத்து ஆண்டுகள் இயக்கப்படாத கணக்கின் பணம், ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்புதாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். அதனால் உரிமை போய்விடுவதில்லை. 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் என்ற இணையதளத்தில், பெயரையும் வங்கியையும் பான் அல்லது பிறந்த தேதி போன்ற ஒரு விவரத்தையும் கொடுத்துத் தேடினால், கோரப்படாத கணக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். தாத்தாவின் பெயரை ஒரு எழுத்து மாற்றித் தேடியபோதுதான் கணக்கு தென்பட்டது. அந்தக் காலத்தில் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று யோசித்து, மாற்றி மாற்றித் தேடுங்கள். தளம் தகவலை மட்டுமே தரும். பணத்தைக் கோர வழக்கமான ஆவணங்களுடன் அந்த வங்கியிடம்தான் செல்ல வேண்டும். வங்கி வாரிசுகளுக்குக் கொடுத்துவிட்டு நிதியிலிருந்து ஈடு பெற்றுக்கொள்ளும்.