புதுப்பிப்பு: பந்து வலப்பக்கமே விலகிய சிக்கல் தீர்ந்தது

இணையவழி கோல்ஃப் வீடியோ கேம் லீக்கில் என் அடிகள் எல்லாம் வலப்பக்கமே விலகுகின்றன என்று சென்ற மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

முதலில் டிரைவரை (தொலைதூர அடிக்கான மட்டையை) மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. இலக்கை இடப்பக்கம் தள்ளி வைத்தது அரைகுறையாகவே உதவியது. பலித்தது, தொலைக்காட்சியில் 'கேம் மோட்' போடச் சொன்னவரின் யோசனைதான். தொலைக்காட்சி படத்தை மெருகேற்றும் வேலையால் (கேம் மோட் இதைக் குறைக்கிறது) காட்சி சற்றுப் பிந்தி வருகிறது. ஆகவே, அடிக்கும் தருணத்தைக் காட்டத் திரையில் நகரும் குறிமுள் நடுக்கோட்டில் நிற்பதாகக் கண்டு நான் பொத்தானை அழுத்தும்போது, ஆட்டத்தின் கணக்கில் அது ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருந்திருக்கிறது; அதனால்தான் பந்து வலப்பக்கம் விலகியது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இலக்கைத் தள்ளி வைக்கும் பழக்கம் விடாததால், அடுத்த இரண்டு சுற்றுகளிலும் பந்து இடப்பக்க மணற்குழிகளைத் தேடிப் போனது. பார் 72 (தேர்ந்தவர் 72 அடிகளில் முடிக்கும்) மைதானத்தில் 97 அடிகள்! குறைவாக அடிப்பவருக்கே வெற்றி. லீக்கில் எனக்கு ஓரிடம் கீழே இருந்தவர், அன்று மூன்றடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியைத் தவறவிட்டுத் தாமும் தோற்றிருந்த நிலையில், பயிற்சித் திடலில் ஒரு மணி நேரம் உடனிருந்து, ஒவ்வோர் அடிக்கும் முன் "இலக்கு நடுவில் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நேற்று 86 அடித்தேன். அவர் 85 அடித்து என்னை முந்திவிட்டார்.