முதல் தொகுப்பு: பணம் கேட்கிற பதிப்பகமா, கவிதையை வெட்டுகிற பதிப்பகமா?

நொய்யல்கரை:
வணக்கம். சில வருடங்களாகக் கவிதை எழுதுகிறேன். கொஞ்சம் சிற்றிதழ்களில் வந்தவை, மீதி முகநூலில் போட்டவை. எல்லாம் சேர்த்து 80 கவிதை தேறியது. இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன்.

ஒருவர் மறுநாளே போன் செய்துவிட்டார். “அருமை சார். 35,000 ரூபாய் கட்டுங்க, ஒரே மாசத்துல 200 பிரதி வீட்டுக்கு வந்துடும். ஜனவரி புத்தகக் காட்சியில வெளியீடு வச்சுக்கலாம்” என்றார்.

இன்னொன்று இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சின்னப் பதிப்பகம். ரொம்ப நாள் சத்தமே இல்லை. பிறகு நீளமாக ஒரு மின்னஞ்சல்: 80 வேண்டாம், 52 போதும். மூன்று கவிதைகளில் கடைசிப் பத்தி தேவையில்லை. தலைப்பை மாற்றலாமா? புத்தகம் அடுத்த வருடம்தான் வரும். பணம் கேட்கவில்லை, ராயல்டி பற்றியும் பேச்சில்லை. உண்மையைச் சொன்னால், படித்ததும் கோபம்தான் வந்தது. சின்னப் பதிப்பகம் என்றாலே இப்படித்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்:
பணம் இருந்தால் முதல் ஆளிடமே போங்க பாஸ். கவிதைப் புத்தகத்தை எப்படியும் நாமதான் நண்பர்களுக்குக் கொடுக்கப்போகிறோம். அதுக்கு எதுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்?

வாகையடி முக்கு:
நானும் என் தோழியும் திருநெல்வேலியில் சின்ன அளவில் கவிதைப் புத்தகங்கள் போடுகிறோம். அதனால் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, பணம் கட்டிப் புத்தகம் போடுவது பாவமில்லை. ஆனால் அது அச்சுச் சேவை. அந்தப் பெயரிலேயே அதை வாங்க வேண்டும். டெமி அளவில் (கவிதைப் புத்தகங்களுக்கு வழக்கமான நடுத்தர அளவு) 96 பக்கம், 200 பிரதி டிஜிட்டலில் அடிக்க எங்கள் பக்கம் 12,000, 13,000 ரூபாய் ஆகும். லேஅவுட், அட்டை எல்லாம் சேர்த்தாலும் 20,000-ஐத் தாண்டாது. மீதி 15,000 எதற்கு என்று அவரிடம் கேளுங்கள். “விற்பனை, விளம்பரம்” என்றால் எந்தெந்தக் கடையில் புத்தகம் இருக்கும் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கவிதையில் எது பிடித்தது என்று கேளுங்கள். மறுநாளே போன் செய்தவர் 80 கவிதையையும் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது உங்களைக் கோபப்படுத்தின ஆட்கள். 80-ல் 28-ஐ ஒதுக்கி, மூன்று கவிதைக்குக் காரணத்தோடு திருத்தம் எழுதியிருக்கிறார்கள் என்றால், இரண்டு மூன்று தடவையாவது படித்திருக்க வேண்டும். சிறு பதிப்பகத்தால் தரமுடிவது பெரும்பாலும் இதுதான். காசு கிடையாது, பெரிய கடை வலைப்பின்னல் கிடையாது. உட்கார்ந்து படிப்பார்கள்.

52 என்ற எண் சும்மா வந்திருக்காது. புத்தகம் பாரக் கணக்கில் ஓடுவது. பாரம் என்றால் ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடிக்கிற பக்கங்கள். ஒரு பாரம் 16 பக்கம், 6 பாரம் என்றால் 96. அதில் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், சமர்ப்பணம், முன்னுரை, உள்ளடக்கம் என்று பத்துப் பன்னிரண்டு பக்கம் போய்விடும். மிச்சத்தில்தான் கவிதை. இரண்டு பக்கக் கவிதையை இடது பக்கத்தில் ஆரம்பிக்கப் பார்ப்போம், வாசகர் நடுவில் தாளைப் புரட்ட வேண்டாம் என்று. இதனாலேயே சில சமயம் வரிசை மாறும். ‘என் கவிதையை ஏன் எட்டாவதுக்குத் தள்ளினீர்கள்’ என்று சண்டை போட்ட கவிஞர்கள் உண்டு. பதில் இவ்வளவுதான்: அது இரண்டு பக்கம் வருகிறது.

அடுத்தது வரி. முகநூலில் போனின் அகலத்துக்கு வரி உடையும், யாரும் கவனிப்பதில்லை. அச்சில் அப்படி இல்லை. டெமி பக்கத்தில் எழுத்து ஓடும் அகலம் நாலு அங்குலம் சுமார். தமிழ்ச் சொற்களோ நீளம். ஒரு உதாரணத்துக்கு,

மழைக்கு ஒதுங்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை

என்று ஒரே வரியாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 11 பாயிண்ட் எழுத்தளவில் ‘பார்த்துக்கொள்ளவில்லை’ மட்டும் கீழே விழும். வாசகர் என்ன நினைப்பார்? கவிஞர் வேண்டுமென்றே அந்தச் சொல்லைத் தனியாக நிறுத்தியிருக்கிறார் என்று நினைப்பார். நீங்கள் கேட்காத அழுத்தம் அங்கே வந்துவிடும். அதைத் தவிர்க்க விழுந்த சொல்லை உள்ளே தள்ளி வைக்கலாம், எழுத்தைக் குறைக்கலாம், இல்லையென்றால் ‘நீங்களே வேறு இடத்தில் உடைத்துத் தாருங்கள்’ என்று கேட்கலாம். நாங்கள் கேட்டுவிடுவோம். அந்தப் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் வரிவரியாகப் பேசுவோம். 35,000 ரூபாய்க்காரரிடம் இந்தப் பேச்சு நடக்குமா என்று யோசியுங்கள். லேஅவுட் செய்பவர் யுனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிற ஆள் என்றால் இன்னும் கவனம் தேவை. நீங்கள் விட்ட இடைவெளி காணாமல் போகும், ‘ஸ்ரீ’ வேறு ஏதோவாகிவிடும். மெய்ப்பு, அதாவது திருத்திப் பார்க்கத் தரும் மாதிரிப் பக்கங்கள், உங்கள் கைக்கு வராமல் அச்சுக்குப் போகக் கூடாது.

காலதாமதம் பற்றி: இரண்டு பேர், இரண்டு பேருக்கும் வேறு வேலை இருக்கும். வருடத்துக்கு நாலைந்து புத்தகம் போட்டாலே அதிகம். ஜனவரிக்கு எல்லோரும் அடித்துப்பிடித்து வருவார்கள், அச்சகத்தில் டிசம்பரில் நிற்க இடம் இருக்காது. மாசி, பங்குனியில் வரும் கவிதைப் புத்தகத்துக்கு நிதானமாக நாலு பேர் மதிப்புரை எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 300 பிரதி அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், விலை 130 ரூபாய். கடைக்காரர் கழிவு 40 சதவீதம், கையில் 78. ராயல்டி 10 சதவீதம், அதாவது 13 ரூபாய். மிச்சம் 65. அச்சு ஒன்றுக்கு 50 போனால் 15 ரூபாய் நிற்கும். 300 பிரதியும் விற்றால் 4,500 ரூபாய், அதில்தான் அட்டை ஓவியருக்கும் லேஅவுட்டுக்கும் தர வேண்டும். உங்களுக்கு 3,900. புத்தகக் காட்சியில் நாங்களே கடை போட்டு 10 சதவீதத் தள்ளுபடியில் விற்றால் கணக்குக் கொஞ்சம் நிமிரும். அரசு நூலகங்களுக்கு வாங்கிக்கொள்ளும் நூலக ஆணை கிடைத்தால் மூச்சு விடலாம், ஆனால் அதை நம்பி யாரும் புத்தகம் போடக் கூடாது.

ராயல்டி பற்றி அவர்கள் பேசாதது எனக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பதிப்பகம், நட்பு, இலக்கியம் என்று சொல்லி எழுத்தில் எதுவும் தராமல் இருக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பணமாகத் தர முடியாது, 25 பிரதி தருகிறோம் என்றால் அதுவும் நியாயமான பதில்தான். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்.

பழைய பேப்பர்:
அக்கா சொன்னதோடு ஒன்று. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ என்ற சிற்றிதழை ஆரம்பித்து, 1962-ல் ‘புதுக்குரல்கள்’ என்ற புதுக்கவிதைத் தொகுப்பைப் போட்டார். இதழில் வந்ததையெல்லாம் அள்ளிப் போடவில்லை, தேர்ந்தெடுத்தார். அப்புறம் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்றைக்கும் சின்னப் பதிப்பாளர்கள் பாதிப் பேர் பைக்கில் அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் கூட்டத்துக்கு வருகிறார்கள். உங்கள் பங்குக்கு நீங்களும் ஊர் ஊராகப் பேசப் போக வேண்டியிருக்கும், தயாராக இருங்கள்.

நொய்யல்கரை:
அக்கா, நன்றி. கோபம் பாதி இறங்கிவிட்டது. மூன்று சந்தேகம். எழுத்தில் என்றால் என்னென்ன கேட்க வேண்டும்? முகநூலில் போட்ட கவிதைகளை எடுத்துவிட வேண்டுமா? அவர்கள் ஒதுக்கிய 28-ல் ஒன்று, என் அப்பா பற்றியது. அதை விட மனசில்லை.

வாகையடி முக்கு:
ஒரு பக்கம் போதும், வக்கீல் வேண்டாம். பதிப்புரிமை உங்களுடையது என்று ஒரு வரி. உரிமம் எத்தனை வருடம், அச்சு மட்டுமா மின்னூலும் சேர்த்தா, எத்தனை பிரதி அடிக்கிறார்கள், எப்போது கணக்குக் கொடுப்பார்கள். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். எழுதிக் கையெழுத்துப் போடாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அது காலாவதி. உங்கள் புத்தகம் அடுத்த வருடம்தான் என்பதால் இந்தக் கடைசி விஷயம் உங்களுக்கும் அவர்களுக்கும் முக்கியம். வெளியீட்டு மாதத்தை ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.

முகநூலில் இருப்பது இருக்கட்டும். எங்களைப் பொறுத்தவரை அதைப் படித்தவர்கள்தான் முதலில் புத்தகம் வாங்குகிறவர்கள். சில பதிப்பகங்கள் எடுக்கச் சொல்லும், உங்கள் ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிற்றிதழில் வந்தவற்றுக்கு மட்டும் இதழ் பெயர், மாதம் எழுதிக் கொடுங்கள், நன்றிப் பக்கத்துக்கு வேண்டும்.

அப்பா கவிதைக்காகச் சண்டை போடுங்கள். ‘அப்பா’ என்பதால் வேண்டும் என்று எழுதாதீர்கள், அந்தக் காரணம் எந்தப் பதிப்பாசிரியரிடமும் எடுபடாது. மற்ற 52-ல் இல்லாத எது அதில் இருக்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். அதற்கு ஈடாக எதை எடுக்கலாம் என்றும் நீங்களே சொல்லுங்கள், 96 பக்கத்தைத் தாண்டாமல் இருக்கும். கடைசிப் பத்தித் திருத்தம் மூன்றையும் ஒரு வாரம் ஆறப்போட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். ஒன்றையாவது ஏற்றுக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பதில் அனுப்பும்போது பழைய வேர்டு கோப்பைத் திருத்தி அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் குறிப்பு எழுதிய கோப்பிலேயே வேறு நிறத்தில் எழுதுங்கள். எது கடைசிப் பிரதி என்று தெரியாமல் திண்டாடுவதில்தான் எங்களுக்குப் பாதி நாள் போகிறது.