போக்கரில் 6 பிளைண்ட் ஆல்-இன்: கிங்-7 வைத்துக் கால் பண்ணலாமா?

புதுச்சீட்டு:
டோர்னமெண்ட்டில் வந்த கை. பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய பந்தயம்) 1,000/2,000, பிக் பிளைண்ட் ஆன்ட்டி (பெரிய பிளைண்ட் போடுபவர் மேசைக்காகச் சேர்த்துப் போடுவது) 2,000. நான் பிக் பிளைண்டில். எல்லாரும் ஃபோல்ட் பண்ணி (கையை விட்டுவிட்டு) பட்டனுக்கு, அதாவது டீலர் இடத்தில் இருப்பவருக்கு, வந்தது. அவரிடம் மொத்தமே 12,000, அதாவது 6 பிக் பிளைண்ட். அத்தனையும் உள்ளே தள்ளினார் (ஆல்-இன்). ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட். என்னிடம் கிங்-7, வேறு வேறு சூட். பிளைண்ட், ஆன்ட்டி போக 48,000 மிச்சம். இந்தக் குப்பையை வைத்துக் கால் பண்ண (ஈடாகப் போட) 12,000 எதற்கு என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் "இதைப் போய் விட்டீங்களே" என்கிறார். யார் சொல்வது சரி?

ஆறாம் இருக்கை:
முதலில் கணக்கு. நீங்கள் போட வேண்டியது 12,000 இல்லை, 10,000. பிளைண்டாக வைத்த 2,000 இனி உங்களுடையது இல்லை, அது பாட்-இல், நடுவில் உள்ள பந்தயக் குவியலில், கிடக்கிறது. அவருடைய 12,000, உங்கள் பிளைண்ட் 2,000, ஸ்மால் பிளைண்ட் 1,000, ஆன்ட்டி 2,000. ஆக 17,000. நீங்கள் 10,000 போட்டால் 27,000. பத்தை இருபத்தேழால் வகுத்தால் 37 சதவீதம். அவ்வளவு தடவை ஜெயித்தாலே போட்டது திரும்பிவிடும். அவரைவிட நல்ல கை வேண்டும் என்று அவசியமே இல்லை.

அவர் ஏஸ்-9 காட்டினால்கூட உங்களுக்கு ஜெயிக்கும் வாய்ப்பு 38 சதவீதம் பக்கம் இருக்கிறது. குவீன்-ஜாக் என்றால் நீங்கள்தான் முன்னால். சின்ன ஜோடி என்றால் பாதிக்குக் கொஞ்சம் கீழே. அடி விழுவது ஏஸ்-கிங், கிங்-குவீன் மாதிரி கைகளிடம்தான். அங்கே நாலில் ஒரு தடவை. ஆனால் ஒரு கிங் உங்களிடமே இருப்பதால் ஏஸ்-கிங் வரக்கூடிய 16 வழி 12 ஆகிறது, கிங் ஜோடி 6-இலிருந்து 3 ஆகிறது. கால்.

மெதுவாக ஆடு:
கணக்கு சரிதான் அண்ணா, ஆனால் தள்ளியது யார்? சிலர் 6 பிளைண்ட் ஆனாலும் ஜோடியோ ஏஸ்-10-க்கு மேலோ வரும்வரை அசைய மாட்டார்கள். அவர்களுக்கு எதிரே கிங்-7 சுமார் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அங்கே நான் ஃபோல்ட்.

புதுச்சீட்டு:
சொல்ல மறந்துவிட்டேன், அது பபிள் நேரம். இன்னும் இரண்டு பேர் போனால் மிச்சப் பேருக்கெல்லாம் பரிசு. இன்னொரு மேசையில் ஒருவர் 3,000 சிப்போடு உட்கார்ந்திருந்தார்.

ஆறாம் இருக்கை:
இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா! ஐசிஎம், அதாவது சிப்பைப் பரிசுப் பணமாக மதிப்பிடும் கணக்கு, வந்துவிட்டது. பபிளில் இழக்கிற சிப்பின் மதிப்பு, ஜெயிக்கிற சிப்பின் மதிப்பைவிட அதிகம். அதனால் 37 போதாது. நானாக இருந்தால் 41, 42 கேட்பேன். ஆனாலும் தோற்றால் உங்களிடம் 38,000 நிற்கும், அதாவது 19 பிளைண்ட். செத்துப்போக மாட்டீர்கள். அதே கையை 14,000 வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் யோசிக்காமல் ஃபோல்ட் என்றிருப்பேன். அப்போது 3,000 சிப்காரர் போகட்டும் என்று காத்திருப்பதுதான் லாபம். அந்த பட்டன்காரர் அதற்கு முன் எப்படி ஆடினார்?

புதுச்சீட்டு:
அதே சுற்றில் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளினார். ஒரு தடவை யாரும் கால் பண்ணாதபோது குவீன்-9 காட்டினார்.

மெதுவாக ஆடு:
அப்போ நான் வாபஸ். எல்லா ஏஸும், பெரும்பாலான கிங்கும், குவீன்-9-உம் தள்ளுகிறவர் என்றால் கிங்-7-க்கு 44 பக்கம் வரும். பபிளிலும் கால்தான், கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

புதுச்சீட்டு:
அவரிடம் 20,000 இருந்திருந்தால்?

ஆறாம் இருக்கை:
நீங்கள் 18,000 போட வேண்டும், மொத்தப் பாட் 43,000. பபிளைக் கணக்கில் எடுக்காமலேயே 42 சதவீதம் தேவை. தோற்றால் 30,000-க்கு வந்துவிடுவீர்கள். 10 பிளைண்ட் வைத்திருப்பவர் அவ்வளவு குப்பையைத் தள்ளவும் மாட்டார். அது ஃபோல்ட்.