சான்றிதழ் கிடைத்துவிட்டது, ஈடுபாடு வரவில்லை

கேள்வி (மசாலைத் தொழில், சுங்கை சிப்புட், மலேசியா):
அன்பர்களுக்கு வணக்கம். நாங்கள் மசாலைத் தூள் அரைத்துப் பொட்டலமிடும் சிறு நிறுவனம் நடத்துகிறோம். வேலை செய்பவர்களில் பலர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள். தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழும் பெற்றிருக்கிறோம். ஆனால் தணிக்கையாளர் வரும் வாரத்தில் அன்றாடம் எழுதப்படும் பதிவேடுகள், அவர் போனபின் மாதக் கடைசியில் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவால் மொத்தமாக நிரப்பப்படுகின்றன. அண்மையில் வாய் சரியாக ஒட்டாத மிளகாய்த்தூள் பொட்டலங்கள் கடைவரை சென்று, ஈரக்காற்றில் கட்டிதட்டித் திரும்பி வந்தன. தரத்தில் அக்கறை தானாக வர என்ன வழி?

பதில் (தரக் கட்டுப்பாட்டுப் பணி, ஈப்போ):
ஐயா, அந்தப் பொட்டலத்தை முதலில் கையில் எடுத்தவர் ஒட்டும் இயந்திரத்தருகே நிற்பவர்தான். வாய் பிரிந்திருப்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதே முதலில் கேட்க வேண்டியது. இயந்திரத்தை நிறுத்தினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் மேற்பார்வையாளரிடம் ஏச்சு விழும், ஊக்கத்தொகையும் போகும் என்றால் யார்தான் சொல்வார்கள்? 1950இல் ஜப்பானியருக்குத் தரக் கட்டுப்பாடு கற்பித்த அமெரிக்க வல்லுநர் டெமிங், தம் 14 நெறிகளில் ஒன்றாகவே பணியிடத்தில் அச்சத்தைப் போக்கச் சொன்னார். டொயோட்டா ஆலையில் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வந்து உதவுவார். தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். அங்கே கயிற்றைவிட, வந்து நிற்கும் தலைவரின் முகம்தான் முக்கியம் என்பது என் கருத்து. குறையைச் சரிசெய்ய நிறுத்திய நேரத்தை ஊக்கத்தொகைக் கணக்கில் கழிக்காதீர்கள். யாரும் படிக்காத பதிவேடுகளையும் எடுத்துவிடுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர்):
தம்பி, ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில், கூலி நிறுவையைப் பொறுத்தது என்பதால், தொழிலாளியின் கண் தராசு முள்ளைவிட்டு அகலாது. நிறுவை நேர்மையாக இருந்த தோட்டத்தில் பாலில் தண்ணீர் கலப்பவர்களும் குறைவாகவே இருந்தார்கள். உங்கள் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அவற்றைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) செலுத்திப் பங்குதாரர்களானார்கள். தமக்கும் பங்குண்டு என்று தெரிந்ததால்தான் அந்த அற்பக் கூலியிலிருந்தும் கொடுத்தார்கள். திரும்பிவந்த சரக்கினால் ஏற்படும் நட்டம் குறையும்போது, மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். கணக்கையும் அவர்கள் முன்னிலையிலேயே போடுங்கள்.

கேட்டவர்:
ஐயா இருவருக்கும் நன்றி. இயந்திரத்தை அடிக்கடி நிறுத்தினால் தீபாவளிச் சரக்கு தாமதமாகுமே?

பதில் (ஈப்போ):
தாமதமாகலாம். கடைக்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த நெருக்கடியிலும் இயந்திரத்தை நிறுத்தியவரை நீங்கள் ஏசாமல் இருந்தால்தான், மற்றவர்கள் உங்கள் சொல்லை நம்புவார்கள்.